வீட்டடி மண் எப்படி ஆடும்? எக்செலில் ஒரு நிலநடுக்க மாதிரி

நீலகிரியிலாவது நிலநடுக்கமாவது என்பவர்களுக்கு ஒரு தேதி: 1900 பிப்ரவரி 8. அன்று கோவைப் பக்கம் வந்த நிலநடுக்கத்தின் அளவு ஏறக்குறைய 6. அப்படி ஒன்று மறுபடி வந்தால் நம் வீட்டடி மண் எப்படி ஆடும்? கோடிங் தெரியாவிட்டாலும் கணக்குப் போடலாம்.

படி 1: பாறை எத்தனை ஆழத்தில்?

பக்கத்தில் கிணறோ, சாலைக்காக வெட்டிய மண்சுவரோ இருந்தால் போய்ப் பாருங்கள். மேலே செம்மண், அதன்கீழ் கையாலேயே உதிரும் மக்கிய பாறை, அடியில் சார்னோகைட் என்ற கருநீலக் கெட்டிப் பாறை.

நான் ஏமாந்தது இங்கேதான். கோத்தகிரியில் சித்தப்பா வீட்டுக் கிணற்றில் "இருபது அடியிலேயே பாறை வந்துடுச்சு" என்றார்கள். 6 மீட்டர் என்று குறித்துக்கொண்டேன். அப்புறம் தோண்டத் தோண்ட, அது மக்காமல் மண்ணுக்குள் தங்கிவிட்ட உருண்டைக்கல் என்று தெரிந்தது. கடப்பாரைக்கு இரண்டும் ஒன்றுதான், 'ணங்' என்னும். நிஜப் பாறை 60 அடியில், அதாவது 18 மீட்டரில்.

படி 2: எக்செல்

முதல் கட்டத்தில் ஆழம். அடுத்ததில், மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டும் நிலநடுக்க அலையான எஸ் அலை மண்ணுக்குள் போகும் வேகம். இறுகிய மண்ணில் இது வினாடிக்கு 180 முதல் 360 மீட்டர் வரை. 250 என்று வையுங்கள். கெட்டிப் பாறையில் 1500ஐத் தாண்டும். மூன்றாவது கட்டத்தில் சூத்திரம்: வேகம் ÷ (4 × ஆழம்). இதுதான் மண்ணின் இயல்பான அதிர்வெண், அதாவது வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது (ஹெர்ட்ஸ்).

6 மீட்டருக்கு 10.4 ஹெர்ட்ஸ் வரும், 18 மீட்டருக்கு 3.5. அதாவது ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 0.3 வினாடி. கட்டடம் ஒருமுறை ஆட, தளத்துக்கு 0.1 வினாடி என்பது தோராயக் கணக்கு. சித்தப்பா வீடு மூன்று தளம்! ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளுவது போல, மண் வீட்டைத் தள்ளும். உருண்டைக்கல்லை நம்பியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

படி 3: எண்களை மாற்றுங்கள்

ஒரே விடையோடு நிறுத்தாதீர்கள். ஆழம் 12, 25 என்றும், வேகம் 180, 360 என்றும் போட்டுப் பாருங்கள். வேகத்தை நிஜமாக அளக்க, தரையில் சம்மட்டியால் அடித்து, வரிசையாக நட்ட ஜியோபோன்களில் (தரை அதிர்வை உணரும் கருவிகளில்) அலையைப் பதிவுசெய்வார்கள். வீடு கட்டுகிறவர்கள் அந்தச் சோதனையைத்தான் நம்ப வேண்டும், என் எக்செலை அல்ல.

படி 4: முப்பரிமாணம்

நாலைந்து கிணறுகளின் ஆழம் கிடைத்துவிட்டதா? சரி, ஜெம்பை என்ற இலவச பைத்தான் மென்பொருளுக்குப் போகலாம். இந்தப் படிக்கு மட்டும் கொஞ்சம் கோடிங் வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் பாறை தொடங்கும் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து கொடுங்கள், தரையிலிருந்து அல்ல. மலைச்சரிவில் இதைக் குழப்பினால் பாறை அந்தரத்தில் தொங்கும். பாறை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், இடைப்பட்ட பரப்பை அதுவே வரைந்துவிடும்.