310 கட்டுரை எழுதிய டாக்டர்: ஆய்வுப் பட்டியலைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பக்கம் எனக்கு ஒரு டிடிபி கடை. எம்.டி., எம்.எஸ். படிக்கிற பிள்ளைகளின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, அட்டவணைகளைச் சரிபார்த்து, பைண்டிங் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. இருபது வருடமாக இதையே செய்தும் மருத்துவம் எனக்கு வந்துவிடவில்லை. ஆனால் மருத்துவக் கட்டுரையை எப்படி எழுதுகிறார்கள், எந்த இடத்தில் பூசி மெழுகுகிறார்கள் என்பது கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

போன ஆவணியில் ஆலங்குளத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். அவர் அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய். மதுரையா, திருவனந்தபுரமா, வேலூரா என்று வீட்டில் ஒரு வாரமாகப் பட்டிமன்றம் நடக்கிறதாம். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் ஒரு டாக்டரின் பெயர், கீழே 'புற்றுநோய், தீவிர சிகிச்சை: 310 கட்டுரைகள்' என்று மருமகன் எழுதிக் கொடுத்தது. "முந்நூத்திப் பத்து, தம்பி! இதுக்கு மேல என்ன பாக்கணும்?" என்றார்.

பார்க்க நிறைய இருந்தது. அன்று மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டோம்.

பெரும்பாலானோர் முதலில் சறுக்குவது பெயரில்தான். பப்மெட் என்பது அமெரிக்க அரசின் மருத்துவ நூலகம் நடத்தும் தேடுதளம். 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது, காசும் கேட்பதில்லை. ஆனால் அது குடும்பப் பெயர் உள்ளவர்களுக்காகச் செய்த அலமாரி. குடும்பப் பெயர் முதலில் வரும், மற்றதெல்லாம் ஓரெழுத்தாகச் சுருங்கிவிடும். நமக்கு இருப்பதோ அப்பாவின் இனிஷியல். சு. இசக்கிமுத்து என்று ஒரு டாக்டரை வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் அவர் 'இசக்கிமுத்து எஸ்' என்று ஏறுவார். பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரை விரித்துப் பின்னால் போட்ட பிறகு வரும் கட்டுரையில் 'சுடலைமுத்து ஐ' ஆகிவிடுவார். வத்தல் வியாபாரம் பார்த்த அப்பா, உட்கார்ந்த இடத்திலேயே புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஆகிவிடுவார்! போதாக்குறைக்கு, இசக்கியை ஆங்கிலத்தில் எழுத 'ஈ'-யில் தொடங்குபவர் உண்டு, 'ஐ'-யில் தொடங்குபவர் உண்டு, எஸ்ஸை இரட்டிப்பவரும் உண்டு. ஒரே ஆளின் கட்டுரைகள் நாலு பெட்டிக்குள் சிதறிக் கிடக்கும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 'குமார் எஸ்' என்று தேடிப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் கொட்டும். அண்ணாச்சியின் 310 அந்த வகைதான். ஒரே பெயரில், ஒரே இனிஷியலில் எலிகளுக்குக் கட்டி வரவழைத்து மருந்து கொடுத்துப் பார்க்கும் மருந்தியல் பேராசிரியர் ஒருவர், கதிர்வீச்சு அளவு கணக்கிடும் இயற்பியல்காரர் ஒருவர், அப்புறம் நம் டாக்டர் என்று மூன்று பேராவது அதில் கலந்திருந்தார்கள். 2012-லிருந்து ஆர்க்கிட் என்று 16 இலக்க எண் ஒன்று ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைக்கிறது. அந்த எண் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் ஒவ்வொரு கட்டுரையிலும் ஊர், துறை, கூட எழுதியவர்கள் யார் என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பிரித்து முடித்தபோது 74 நின்றது. என் கடைக்கு ஆய்வேடு கொண்டுவரும் பிள்ளைகளிடம், முதல் கட்டுரையிலேயே ஒரு எழுத்துக்கூட்டை முடிவு செய்துவிட்டு ஓய்வு பெறும்வரை அதை மாற்றாதீர்கள் என்று சொல்வதுண்டு. பத்தில் ஒருவர் கேட்கிறார்.

சரி, 74. அதையும் அப்படியே எண்ணுவது தவறு. ஆசிரியருக்கு எழுதிய அரைப்பக்கக் கடிதமும் பட்டியலில் ஒன்று, ஒரே ஒரு நோயாளியின் கதையைச் சொல்லும் கேஸ் ரிப்போர்ட்டும் ஒன்று, நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து வருடக்கணக்கில் நடத்திய ஆய்வும் ஒன்று. மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதி இருப்பதால், கேள்வி எதுவும் இல்லாமலே கட்டுரை பிறப்பதும் உண்டு. வியாழக்கிழமை அனுப்பி, பணம் கட்டி, திங்கட்கிழமை 'ஏற்கப்பட்டது' என்று பதில் வந்த கட்டுரையை நானே பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நாலு நாளில் எந்த நிபுணர் அதைப் படித்துத் திருத்தினார் என்று நான் கேட்கவில்லை. வாடிக்கையாளர் பாருங்கள்.

மாநாட்டில் பேசியதையும் முழுக் கட்டுரையாக எண்ணிவிடக் கூடாது. 1999-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டில் தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடா, மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவு கீமோவும் கூடவே ரத்த ஸ்டெம்செல் மாற்றுச் சிகிச்சையும் செய்தால் பலன் என்று காட்டினார். அதே மேடையில் மற்றக் குழுக்கள் பலன் இல்லை என்றார்கள். அடுத்த வருடம் தணிக்கைக் குழு நேரில் போய்ப் பதிவேடுகளைக் கேட்டபோது மோசடி வெளியே வந்தது.

எச்-இன்டெக்ஸ் என்ற எண்ணையும் காட்டுவார்கள். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் சொன்ன கணக்கு இது. 20 என்றால், குறைந்தது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். 'இவர் சொன்னது தப்பு' என்று காட்டும் மேற்கோளும் அதில் சேர்த்திதான்.

அப்புறம், பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாக வேலையில் பெரும்பங்கு செய்தவர் முதலில் இருப்பார், வழிநடத்திய மூத்தவர் கடைசியில். நடுவில் இருப்பவர்கள் நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்தவர்களாகவோ கணக்குப் பார்த்தவர்களாகவோ இருக்கலாம். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆய்வில் பெயர்கள் நூற்றுக்கணக்கில் போகும். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று நாற்பது பெயர் போடுவோம். பந்தியில் நின்று இலை போட்டவன் யார் என்பது வீட்டுக்காரருக்குத்தானே தெரியும்? நம் டாக்டர் முதலிலோ கடைசியிலோ இருந்தவை ஒன்பது.

நான் அதிக நேரம் செலவழித்தது, வெளிவந்த கட்டுரை எதையாவது 'இது செல்லாது' என்று திரும்பப் பெற்றிருக்கிறார்களா என்று பார்ப்பதில். யாரும் செய்யாத வேலை இது. தீவிர சிகிச்சையில் ரத்த அழுத்தம் இறங்கினால் ஏற்றும் ஸ்டார்ச் திரவம் ஒன்று உண்டு. அது பாதுகாப்பானது என்று கட்டுரை மேல் கட்டுரையாக எழுதியவர் ஜெர்மனியின் மயக்க மருந்து நிபுணர் யோவாகிம் போல்ட். அவருடைய 200-க்கு மேற்பட்ட கட்டுரைகள் பின்னால் திரும்பப் பெறப்பட்டன. 2012-ல் வந்த 6எஸ் என்ற ஆய்வில், கடும் செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடல் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நோயாளிகளில் ஸ்டார்ச் ஏற்றியவர்களில் 90 நாளில் 51 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 43. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் போல்ட்தான் அந்தத் துறையின் மன்னன்.

புற்றுநோய்ப் பக்கம் அனில் பொட்டியின் கதை இன்னும் கிட்டத்தில் வந்து குத்தும், அதுவும் அட்டவணையோடு மாரடிக்கும் என்னைப் போன்றவனை. கட்டியின் மரபணுக்களைப் பார்த்து எந்த கீமோ வேலை செய்யும் என்று சொல்லிவிடலாம் என்றது டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006-ல் வந்த அவருடைய கட்டுரை. பாகர்லி, கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியல் நிபுணர்கள் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியலில் பெயர்கள் எல்லாம் ஒரு வரிசை கீழே தள்ளி உட்கார்ந்திருந்தன. தலைப்பு வரியைச் சேர்த்து எண்ணியதா, சேர்க்காமல் எண்ணியதா என்ற குழப்பம். எக்ஸெலில் இந்தத் தப்பை நான் மாதம் ஒரு முறை பார்க்கிறேன். ஆய்வேட்டில் என்றால் திருத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். அங்கே தப்பு அதோடு நிற்கவில்லை, அந்த ஆராய்ச்சியை நம்பி நோயாளிகளைச் சேர்த்து ஆய்வும் நடந்தது. 2010-ல் அதை நிறுத்தினார்கள், 2011-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நடுவில் பொட்டி தன் தற்குறிப்பில் ரோட்ஸ் ஸ்காலர் (ஆக்ஸ்போர்டில் படிக்கக் கிடைக்கும் பெயர்பெற்ற உதவித்தொகை பெற்றவர்) என்று போட்டுக்கொண்டதும் பொய் என்று தெரிந்தது. பப்மெட்டில் இப்படிப்பட்ட கட்டுரைகளின் தலையிலேயே எச்சரிக்கை இருக்கும். தலைப்பை மட்டும் நகல் எடுத்து ஒட்டிய பட்டியலில் அது வராது.

மோசடியே இல்லாமலும் ஒரு கட்டுரை கவிழலாம். 2001-ல் பெல்ஜியத்தில் ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு, ஐசியுவில் சர்க்கரையை இன்சுலின் கொடுத்து இறுக்கிப் பிடித்தால் சாவு குறைகிறது என்றது. உலகமே பின்பற்றியது. 2009-ல் 6,104 நோயாளிகளோடு வந்த நைஸ்-சுகர் ஆய்வில் இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதமும், தளர விட்டவர்களில் 24.9 சதவீதமும் இறந்தார்கள். அதனால் ஒரு கட்டுரை கிடைத்தால், அதற்குப் பின்னால் யார் என்ன சொன்னார்கள் என்று அதே பக்கத்தில் இருக்கும் 'மேற்கோள் காட்டியவை' பகுதியைத் திறந்துவிடுங்கள்.

வருடத்தையும் பாருங்கள். புற்றுநோயாளியை வென்டிலேட்டரில் போட்டுப் பயனில்லை என்பது 1980-களின் கட்டுரைகளில் கிட்டத்தட்ட வேதவாக்கு. 2007-ல் பிரான்சிலிருந்து வந்த ஒரு ஆய்வோ, ஐந்து நாள் முழு சிகிச்சை கொடுத்துவிட்டு ஆறாம் நாள் மறுபடி எடைபோடலாம் என்றது. பழைய தாளை வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. 'கட்டி வளராமல் இருந்த காலம்' கூடியது என்பதையும் 'ஆயுள்' கூடியது என்று படித்துவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கு பெவாசிசுமாப் மருந்தை அமெரிக்கா 2008-ல் முன்னதற்காக அனுமதித்து, 2011-ல் அந்த அனுமதியை ரத்து செய்தது.

கட்டுரை நிறைய எழுதியவர் நல்ல வைத்தியர் என்றும், எழுதாதவர் சுமார் என்றும் நினைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் ஒரு கட்டுரைகூட எழுதாமல் முப்பது வருடம் நாடி பார்த்தவர்கள் எத்தனை பேர்.

நான் எந்தக் கட்டுரையிலும் முதலில் புரட்டுவது டேபிள் 1. யாரை வைத்து ஆய்வு செய்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்: வயது, நோயின் நிலை, கூட இருக்கும் சர்க்கரை, பிரஷர். அந்த ஒன்பதில் இரண்டு, வென்டிலேட்டரில் இருந்த ரத்தப் புற்றுநோயாளிகளைப் பற்றியவை. இரண்டையும் பிரிண்ட் எடுத்து, டேபிள் 1-ல் வயதைப் பேனாவால் வட்டம் போட்டு அண்ணாச்சியிடம் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. "நீ வட்டம் போட்டேல்லா, அதைத்தான் டாக்டர்கிட்ட நீட்டினேன். 'இதுல எல்லாரும் நாப்பது வயசுக்காரங்க, எங்க அம்மாவுக்கு எழுபத்தி ரெண்டு'ன்னேன். அந்த மனுஷன் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, கதவைச் சாத்தச் சொல்லிட்டு, அரை மணி நேரம் பேசினாரு, தம்பி."