பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஐப்பசிக்கு முன் ஒரு நடை

காரைக்குடிப் பக்கம் கிராமத்தில் பூர்வீக வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்கள், ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஒரு நடை போய் வாருங்கள். முதலில் வளவு முற்றத்தை, அதாவது வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றத்தைப் பாருங்கள். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் அங்கேதான் விழும். வெளியேறும் துவாரத்தைச் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் தாழ்வாரத்தில் ஏறி, அறைகளின் தேக்கு நிலை வரை போய்விடும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, வெளியே வந்து விழுகிறதா என்று பாருங்கள். விலகிய ஓட்டையும் அன்றே சரிசெய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒற்றை ஓட்டைக் கவனிக்காமல் விட்டதில் ஒரு உத்திரமே உளுத்துப்போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

உள்ளே போகும்போது ஷூ போட்டுக்கொள்ளுங்கள். டார்ச் அடித்துப் பார்க்காமல் விறகு, பழைய பெட்டி எதிலும் கை வைக்காதீர்கள். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், பங்காளிகள் பலருக்குப் பாத்தியப்பட்ட வீடு என்றால், பதிவுத்துறை இணையதளத்தில் வருடம் ஒரு முறை வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) பார்த்துவிடுங்கள். சாவி ஒன்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருக்கட்டும்.