நாய் இருக்கும் வீட்டுக்குப் பூனை வந்தால்: மூக்கிலிருந்து தொடங்குங்கள்

சாயங்காலம் சேலம் அம்மாபேட்டையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால், எங்கள் மணி முதலில் என்னிடம் வர மாட்டான். நேராகப் பின் டயருக்குத்தான் போவான். ஒரு நிமிடம் சுற்றிச் சுற்றி மோந்துவிட்டு, காலைத் தூக்கி இரண்டு சொட்டு விடுவான். அப்புறம்தான் வாலை ஆட்டிக்கொண்டு என் பக்கம் வருவான். ரொம்ப நாள் எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த டயர் சூரமங்கலம் வரை போய், நின்ற இடத்திலெல்லாம் வேறு நாய்களின் வாசனையை ஒட்டிக்கொண்டு வருகிறது. ஊர் பேர் தெரியாத நாய்கள் போட்ட மொட்டைக் கடுதாசி தினமும் அவன் வாசலில் வந்து நிற்கிறது. அவன் பதில் எழுதுகிறான், அவ்வளவுதான்.

நமக்கு வீடு என்றால் சுவரும் கதவும். நாய்க்கும் பூனைக்கும் வீடு என்பது வாசனை. இது புரியாமல்தான் நான் முதல் நாளே சொதப்பினேன். கொலுசு என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பேர் வைத்த பூனைக்குட்டியைக் கூடத்தில் இறக்கி, "மணி, இதோ உன் தங்கச்சி" என்றேன். பத்து விநாடியில் மணியின் மூக்கில் மூன்று கோடு, கொலுசு பீரோ மேல். மறுநாள் காலை வரை அது இறங்கவே இல்லை. அதற்குப் பிறகு முதலிலிருந்து தொடங்கிச் செய்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதற்குக் குறைந்தது இரண்டு வாரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆடியில் மட்டும் வேண்டாம். கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் மேளமும் வேட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். பயந்த பிராணிக்குப் புதுப் பழக்கம் ஏறாது.

படி 1: புது ஆளுக்குத் தனி அறை

கதவு சாத்தக்கூடிய ஒரு அறை போதும். ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும். பூனை தான் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் கழிக்க விரும்பாது. ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, பக்கவாட்டில் ஓட்டை போட்டு வையுங்கள். எங்கள் தெருவில் சேலை அனுப்பும் பெட்டிக்குப் பஞ்சமில்லை, நான் அதைத்தான் வைத்தேன். பூனை பெட்டிக்குள்ளேயே கிடந்தால் வெளியே இழுக்காதீர்கள். அதுவாக வந்து அறையைச் சுற்றி, கதவு நிலையில் கன்னத்தைத் தேய்க்கும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். கொலுசுக்கு நான்கு நாள் ஆனது.

படி 2: துணி மாற்றுவது

இதுதான் மொத்த வேலையில் முக்கால்வாசி. பூனைக்குக் கன்னம், தாடை, நெற்றி, வாலின் அடி, பாதம் ஆகிய இடங்களில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. அது உங்கள் காலில் உரசுவது பாசம்தான், ஆனால் கூடவே ஒரு முத்திரையும் விழுகிறது. கன்னத்து முத்திரை 'இது பழகிய இடம், பயமில்லை' என்று அது தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

பழைய வேட்டித் துணியைக் கைக்குட்டை அளவுக்கு இரண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒன்றால் பூனையின் வாயோரத்திலிருந்து காது வரை மெதுவாகத் தடவுங்கள். இன்னொன்றால் நாயின் கழுத்தையும் காதடியையும் துடைத்து எடுங்கள். பூனைத் துணியை நாயின் தட்டிலிருந்து நான்கடி தள்ளியும், நாய்த் துணியைப் பூனையின் தட்டிலிருந்து அதே தூரத்திலும் போடுங்கள். மூக்கில் கொண்டுபோய்த் திணிக்கக் கூடாது. மோந்துவிட்டுச் சாப்பிடப் போனால் நல்லது, மறுநாள் அரை அடி நெருக்கிப் போடலாம். உறுமினாலோ சீறினாலோ திரும்பத் தள்ளி வையுங்கள். மணி முதல் நாள் துணியைக் கவ்விக்கொண்டு போய்த் துளசி மாடத்துக்குப் பின்னால் புதைக்கப் பார்த்தான். ஐந்தாம் நாள் அதன் மேலேயே படுத்துத் தூங்கினான்.

படி 3: இடம் மாற்றுவது

நாயை நடக்கக் கூட்டிப்போகும் நேரத்தில் பூனையை வீடு முழுக்க உலாவ விடுங்கள். பூனை உள்ளே போனதும் நாய் வந்து மோந்து பார்க்கட்டும். இரண்டு மூன்று நாள் செய்தால் போதும்.

படி 4: கதவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

மூடிய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். கதவிலிருந்து ஆறடி தள்ளித் தொடங்கி, தினம் கொஞ்சம் நெருங்க வேண்டும். எதிராளியின் வாசனை வரும்போதெல்லாம் கருவாட்டுச் சோறும் வருகிறது என்பது இரண்டின் மண்டையிலும் ஏற வேண்டும். (கருவாட்டின் உப்பை நன்றாகக் கழுவி, துளி மட்டும்.)

படி 5: கண்ணில் காட்டுவது

இப்போதுதான் பார்க்க விடலாம். கிரில் கதவு இருந்தால் அதைச் சாத்துங்கள். இல்லையென்றால் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். முதல் தடவை மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நாயின் வாயைக் கவனியுங்கள். வாய் தளர்ந்து, அங்கே இங்கே பார்த்தால் சரி. வாயை மூடி, உடம்பை விறைத்து, இமைக்காமல் பூனையையே பார்த்தால் அடுத்து பாய்ச்சல்தான், உடனே அப்பால் கூட்டிப் போங்கள். அந்த நேரத்திலும் வால் ஆடும், அதை நம்பாதீர்கள். பூனைக்கு வால் பாஷையே வேறு. வால் நட்டுக்குத்தலாக நின்று நுனி வளைந்தால் வணக்கம். பக்கத்துக்குப் பக்கம் அடித்தால் கோபம்.

படி 6: பூனைக்கு மாடி கட்டுங்கள்

நாய்க்கு எல்லை என்றால் தரை. பூனைக்கு உயரமும் எல்லைக்குள் வரும். பரண், பீரோ, ஜன்னல் மேல் சிலாப் என்று நாய்க்கு எட்டாத மூன்று இடமாவது இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தரையைத் தொடாமல் போக முடிந்தால் பாதிச் சண்டை வராது. மணல் தட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு.

பூனை சுவரில் மூத்திரம் அடித்துவிட்டால்

முதலில் என்ன நடந்தது என்று பாருங்கள். உட்கார்ந்து தரையில் நிறையப் போயிருந்தால் அது சாதாரண மூத்திரம்; தட்டு பிடிக்கவில்லை, அல்லது உடம்புக்கு ஆகவில்லை. நின்றபடி வாலைத் தூக்கி, வால் நடுங்க, சுவரிலோ திரையிலோ கொஞ்சமாகப் பீச்சியிருந்தால் அதுதான் எல்லைக் குறி. கடுவன் பூனைதான் இதை அதிகம் செய்யும், பெட்டையும் செய்வதுண்டு. ஐந்து ஆறு மாதத்தில் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் பெரும்பாலான கடுவன்கள் இந்தப் பழக்கத்துக்கே போவதில்லை. ஆனால் ஆண் பூனை முக்கி முக்கி நின்றும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால், அது எல்லைத் தகராறு இல்லை. அடைப்பாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அப்போதே மருத்துவரிடம் போங்கள்.

சுத்தம் செய்வதில்தான் நம் வீடுகள் தவறுகின்றன. நானும் பினாயிலைத்தான் ஊற்றினேன். கொலுசு மறுநாளே அதே இடத்தில் மறுபடி அடித்தது. புது நெடி வந்ததும், தன் குறி அழிந்துவிட்டது என்று திரும்பப் போட்டிருக்கிறது. அதைவிடப் பெரிய தப்பு, பினாயில் வகைகளில் வரும் ஃபீனாலைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் விஷம் உள்ளே போகும். பூனை வராமல் இருக்க அந்துருண்டை போடுவதும் அப்படித்தான், நாய்க்கும் ஆகாது. அமோனியா உள்ள திரவமும் வேண்டாம், அதன் நெடியே மூத்திரம் மாதிரிதான்.

ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பச்சைத் தண்ணீரில் கழுவி, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரை நனையும்படி ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊற விட்டு, காற்றில் காய விடுங்கள். மூத்திரத்திலுள்ள யூரிக் அமிலம் படிகமாக ஒட்டிக்கொள்ளும், வெறும் தண்ணீருக்குப் போகாது. மழைக்காலத்தில் 'போன வருஷத்து நாற்றம்' திரும்ப வருவது அதனால்தான். காய்ந்ததும் அந்த இடத்திலேயே சாப்பாட்டுத் தட்டை வைத்துவிடுங்கள்.

வாசலில் குலைக்கும் நாய்

தண்ணீர் கேன் போடுகிற அண்ணன் வருவார், மணி குலைப்பான், அவர் கேனை வைத்துவிட்டுப் போவார். மணியின் கணக்கில், 'நான் குலைத்தேன், அவன் ஓடிவிட்டான்.' தினமும் வெற்றி, அதனால் தினமும் சத்தம் கூடும். கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தாலோ பச்சை வலையாலோ மறைத்தேன். அவர் வண்டிச் சத்தம் கேட்டதுமே, குலைக்கத் தொடங்கும் முன், உள்ளே கூப்பிட்டு ஒரு துண்டு பிஸ்கட். மூன்று வாரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் அவனாகவே சமையலறைக்கு ஓடி வந்தான். திட்டினால் நாமும் சேர்ந்து குலைப்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும்.

வீடு மாற்றினால், ஊருக்குப் போனால்

நாயை எங்கும் கூட்டிப் போகலாம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியதும், மணி கண்ட கல்லிலெல்லாம் காலைத் தூக்கித் தண்ணீர் தீர்ந்த பிறகும் தூக்கிக்கொண்டே இருந்தான். அங்கே எஸ்டேட் பக்கம் கயிற்றை விடாதீர்கள். காட்டெருமை நடமாடும் மலை, அதற்கு மணியின் எல்லைக் கணக்கெல்லாம் தெரியாது.

பூனையைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போகாமல் இருப்பதே நல்லது. வீடே மாற்றினால், புது வீட்டில் மறுபடி படி 1, ஒரே அறை. அது படுத்த பழைய துணியைத் துவைக்காமல் கொண்டு போங்கள். மூன்று வாரமாவது வெளியே விடாதீர்கள். விட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும், நடுவில் இருக்கிற ரோடு அதற்குக் கணக்கே இல்லை.