கட்டண உயர்வை எதிர்க்கும் மாணவர்களுக்கு: முதலில் ரசீது, பிறகு பந்தல்

கட்டணம் உயர்ந்துவிட்டது என்ற செய்தி பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வெடிக்கிறது. அன்று இரவே, நாளை வகுப்பைப் புறக்கணிப்போம் என்று நூறு பேர் எழுதுவார்கள். மறுநாள் காலை வாயிலில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். அந்த ஏழெட்டுப் பேரின் பெயர்களை அலுவலகம் குறித்துக்கொள்வதோடு விஷயம் அடங்கிவிடும். ஆகவே முதல் வாரத்தில் முழக்கம் வேண்டாம், ரசீதுகளைத் திரட்டுங்கள்.

சென்ற ஆண்டு ரசீதையும் இந்த ஆண்டு ரசீதையும் விடுதிக் கட்டிலில் அருகருகே வைத்து வரிவரியாகப் பாருங்கள். கற்பிப்புக் கட்டணம் என்ற வரி அப்படியே இருக்க, ‘இதரக் கட்டணம்’, ‘வளர்ச்சி நிதி’, ‘வேலைவாய்ப்புப் பயிற்சி’ போன்ற தலைப்புகளுக்குள் உயர்வு ஒளிந்திருக்கக்கூடும். துறை, ஆண்டு, அரசு ஒதுக்கீடா நிர்வாக ஒதுக்கீடா என்று பிரித்து ஓர் அட்டவணை தயாரியுங்கள். ரசீதே தராமல் வாங்கிய தொகைகளைத் தனியே எழுதுங்கள். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வசூலிப்பதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

அடுத்து, இந்தத் தொகையை முடிவு செய்தவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசுக் கல்லூரி என்றால் அரசாணை இருக்கும். சுயநிதிப் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. தனியார் கல்லூரியிடம் நேரடியாகத் தகவல் கேட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்று பதில் வரக்கூடும் என்பதால், அந்தக் குழுவிடமோ பல்கலைக்கழகத்திடமோ கேளுங்கள். ஏன் உயர்த்தினீர்கள் என்று கேட்பதில் பயனில்லை. எங்கள் கல்லூரிக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டண ஆணையின் நகலைத் தருக என்று கேளுங்கள். பத்து ரூபாய் செலவில் 30 நாளுக்குள் பதில் பெற அந்தச் சட்டம் வழி செய்யும்.

அந்த முப்பது நாளையும் ஆள் சேர்ப்பதற்குப் பயன்படுத்துங்கள். வகுப்புக்கு இருவர், அவர்களில் ஒருவர் மாணவி, என்று பொறுப்பாளர்களை வைத்துக்கொள்வதோடு, கல்லூரிப் பேருந்தின் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒருவரை நியமியுங்கள். வீட்டிலிருந்து வருபவர்களிடம் நிதானமாகப் பேசக் கிடைக்கும் நேரம் அந்தப் பேருந்துப் பயணம்தான். தயங்குபவர்களைக் கோழை என்று ஏசாதீர்கள். கல்விக் கடனிலோ முதல் பட்டதாரிச் சலுகையிலோ படிப்பவருக்கு இழக்க நிறைய இருக்கிறது. அவர் கையெழுத்து மட்டும் போட்டாலே போதும். மனுவில் கையெழுத்துகளைப் பதிவெண் வரிசையில் வாங்குங்கள். அப்போது முதல் பெயர் தலைவரின் பெயராக இராது, பதிவெண் வரிசையில் முதலில் வருபவரின் பெயராகத்தான் இருக்கும்.

மனுவில் மூன்று கோரிக்கைகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் தொகை இருக்கட்டும். கல்லூரி முதல்வரிடமும், கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடமும் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் பெற்றோரையும் அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களை அதட்டிப் பேசும் நிர்வாகம், வயலிலிருந்து நேராக வந்து நிற்கும் ஒரு தந்தையிடம் அப்படிப் பேசத் தயங்கும்.

இவற்றுக்குப் பிறகும் பதில் இல்லாதபோதுதான் பந்தல். அது எவ்வளவு காலம் நீளும் என்பதற்குச் சிதம்பரத்தில் நடந்ததை நினைவில் வையுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013இல் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்ட பிறகும், அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தரை லட்சம் ரூபாய் கட்டிவந்தார்கள். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது அப்போது பதினான்காயிரத்துக்கும் குறைவாக இருந்தது. அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் என்ற ஒற்றை வரிக் கோரிக்கையோடு 2020 டிசம்பரில் போராட்டம் தொடங்கியது. ஜனவரியில் காலவரையற்ற விடுமுறை அறிவித்து விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள், மாணவர்கள் கலையவில்லை. கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்படும் என்ற ஆணை மாத இறுதியில் வந்தது. வெற்றி என்று சொல்லிக் கலைந்துபோகத் தோதான நாள் அது. ஆனால் கட்டணம் பற்றிய தெளிவான ஆணை அதில் இல்லை என்பதால் அவர்கள் தொடர்ந்து அமர்ந்திருந்தார்கள். பிப்ரவரியில் கட்டணக் குறைப்பு ஆணை வந்த பிறகே எழுந்தார்கள். என் கணிப்பில், அந்தக் கடைசிச் சில நாள்தான் முழுப் போராட்டத்தையும் காப்பாற்றியது.

விடுமுறை அறிவிப்பு உங்களுக்கும் வரலாம் என்று எண்ணி, வெளியூர் மாணவிகள் எங்கே தங்குவது, உணவுக்கு யார் பொறுப்பு, வசூலான பணத்துக்குக் கணக்கு எழுதுவது யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வளாகத்துக்கு வெளியே கூடுவதானால் காவல்துறைக்கு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். ஒரு கண்ணாடி உடைந்தாலும் பேச்சு கட்டணத்தை விட்டுக் கண்ணாடிக்குப் போய்விடும். ஆகவே கூட்டத்தின் ஓரங்களில் நிதானமானவர்களை நிறுத்துங்கள். பேச்சுவார்த்தைக்குத் தனியாக ஒருவர் போகக் கூடாது. குறைந்தது மூவர் செல்லட்டும், அவர்களில் ஒருவர் பேசாமல் குறிப்பு மட்டும் எடுக்கட்டும்.

இறுதியில் வரும் சுற்றறிக்கையில் மூன்று இடங்களைத் தேடுங்கள்: எந்தக் கல்வியாண்டிலிருந்து, எந்தெந்த ஆண்டு மாணவர்களுக்கு, ஏற்கெனவே கட்டிய கூடுதல் தொகை என்னவாகும். மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால், முதல் வாரத்தில் திரட்டிய ரசீதுகளை இன்னும் பத்திரமாக வைத்திருங்கள்.