சிறிய கண்காட்சியை எல்லோரும் பார்க்கும்படி அமைப்பது எப்படி: காவிரி டெல்டா ஊர்களுக்கான குறிப்புகள்

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ பழைய ஓட்டு வீடு ஒன்றைக் காலிசெய்து, மரக்கால், நெல் ரகங்கள், குத்துவிளக்கு, வெண்கலப் படிமம், ஓலைச்சுவடி ஆகியவற்றை வைத்துச் சிறிய கண்காட்சி நடத்த நினைப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. பார்வை, செவி, கை கால் மட்டுமல்லாமல் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றில் அடங்கும். ஆகவே, வாசலில் சாய்தளம் ஒன்றைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியாது.

முதல் வேலை பொருள்களைக் குறைப்பது. கிடைத்ததையெல்லாம் அடுக்கி வைக்கும் ஆசை நம் ஊர்க் கண்காட்சிகளில் பெரிதாக இருப்பதற்கு, கொடுத்தவர் மனம் நோகுமே என்ற தயக்கமும் ஒரு காரணம். அறுபது பொருள் நிற்கும் அறையில் இருபத்தைந்தை மட்டும் வைத்துவிட்டு மீதியைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றி வைத்தால், கொடுத்தவருக்கும் மதிப்பு குறையாது. பாதைக்கு 90 சென்டிமீட்டர் அகலமும், சக்கர நாற்காலி திரும்புவதற்கு 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடமும், முதுகும் கைப்பிடியும் உள்ள இரண்டு நாற்காலிகளும் அப்போதுதான் அந்த அறைக்குள் அமையும். கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் பல செய்திகள் வந்து மோதினால் திணறிப்போகிறவர்களுக்கும் இந்த வெற்றிடமே பெரிய உதவி.

அடுத்தது நிலைவாசல். மஞ்சளும் குங்குமமும் இட்ட நிலைப்படியை மிதிக்கவோ அதில் ஆணி அடிக்கவோ வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். சம்மதிக்க வைக்க முயலவும் வேண்டாம். படியைத் தொடாமல் இருபுறமும் தரையில் ஊன்றி மேலே கடந்துபோகும் மரப்பாலம் ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது கணக்கு. எனவே 10 சென்டிமீட்டர் உயரப் படிக்கு ஒவ்வொரு பக்கமும் 120 சென்டிமீட்டர் சரிவு தேவை. இதே கணக்கில் 45 சென்டிமீட்டர் உயரத் திண்ணைக்கு 5.4 மீட்டர் வேண்டியிருக்கும் என்பதால், அது தெருவை அடைத்துவிடும். கொல்லைப்புறம் தரைமட்டமாக இருந்தால் அதையே எல்லோருக்கும் நுழைவாயிலாக ஆக்கிவிடுங்கள். மற்றவர்கள் முன்வாசலில் நுழைய, சக்கர நாற்காலியில் வருபவரை மட்டும் கொல்லை வழியாக அழைத்துப்போவது வரவேற்பு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றமும் பலகையும் வழுக்கும் என்பதால், சரிவின் மேல் மணல் கலந்த பெயின்ட் பூசுவது நல்லது.

செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்வது நம் வழக்கம். காலிப்பரோ (காலைத் தாங்கும் கட்டு) செயற்கைக் காலோ அணிந்தவர்களுக்குக் காலணியைக் கழற்றுவது பெரும்பாடு. சிலருக்கு அது இல்லாமல் நடக்கவே முடியாது. காலணியைக் கழற்றுவது கட்டாயமில்லை என்று அறிவிப்புப் பலகையிலேயே எழுதிவிட்டால், யாரும் காரணம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

தொட்டுப் பார்க்கும் மேசைதான் இந்த வட்டாரத்துக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. பழம்படிமங்களை யாரும் தொடக்கூடாது என்பது சரியே. ஆனால் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் கேட்டால் வார்ப்பில் பழுதான துண்டுகள் கிடைக்கக்கூடும். மெழுகில் செய்த கை ஒன்று, காவிரி வண்டல் மண் பூசிய அச்சின் உடைந்த பாதி, உளி படாத சொரசொரப்பான வார்ப்பு, மெருகேற்றிய கை என நான்கையும் இடமிருந்து வலமாக வரிசைப்படுத்தினால், பார்வையற்றவர் மெழுகு வார்ப்பு முறை முழுவதையும் விரல்களாலேயே அறிந்துகொள்வார். உலோகத்தின் குளிர்ச்சியும் மெழுகின் வழவழப்பும் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்பவருக்குக் கிட்டாதவை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கையும் பீடம், தண்டு, அகல், உச்சி எனத் தனித்தனியாகக் கழற்றி மாட்ட முடியும். தலையாட்டி பொம்மையை ஒருமுறை தட்டினாலே அதன் அடி கனமானது என்று தெரிந்துவிடும். மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய 70 சென்டிமீட்டர் உயரம் விட்டு, பொருள்கள் நகராதபடி பள்ளம் வெட்டி வைக்க வேண்டும்.

விளக்கப் பலகையில் சிக்கனம் வேண்டும். ஒரு பொருளுக்கு நாற்பது சொற்கள் போதும். கூடுதல் செய்தி வேண்டுவோருக்குக் கைப்பிரதி தரலாம். மெல்லிய கோட்டு எழுத்துருவில், மங்கிய நிறத்தில் அச்சிட்டால் முதலில் மறைவது புள்ளி. அது போனால் ‘க்’ எது, ‘க’ எது என்று தெரியாது. தடித்த எழுத்துரு, குறைந்தது 24 பாயின்ட் எழுத்தளவு, வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி, வெளிர் பின்னணியில் கருமை, பளபளக்காத தாள் ஆகியவை அவசியம். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 120 முதல் 140 சென்டிமீட்டருக்குள் இருந்தால், நிற்பவரும் உட்கார்ந்திருப்பவரும் படிக்கலாம். ஓலைச்சுவடிக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது என்பதால், பக்கத்திலேயே அதன் பெரிதாக்கிய படத்தை வையுங்கள்.

பிரெய்ல் பலகை வேண்டும். ஆனால் பார்வையற்றோர் அனைவரும் பிரெய்ல் படிப்பவர்கள் அல்லர் என்பதால் ஒலிவிளக்கமும் வேண்டும். “அழகிய நடராசர்” என்று தொடங்கும் விளக்கத்தால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. “முழங்கை நீள உயரமுள்ள வெண்கலப் படிமம், வலது கால் முயலகன் மேல் ஊன்றியிருக்கிறது, இடது கால் உடலுக்குக் குறுக்கே தூக்கியிருக்கிறது, பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ” என்று அளவிலிருந்து உறுப்புக்குப் போக வேண்டும். காணொளி இருந்தால் தமிழ் எழுத்தும் இந்திய சைகை மொழியும் சேர்த்தே இருக்கட்டும்.

ஆட்டிசம் உள்ளவர்களையும் கவனச்சிதறல் உள்ள குழந்தைகளையும் மனத்தில் வைத்து, வாரத்தில் ஒரு காலை நேரத்தை அமைதி நேரமாக அறிவிக்கலாம். அந்த நேரத்தில் நாகஸ்வர ஒலிப்பதிவு ஓடக்கூடாது. மினுக்கும் டியூப்லைட்டையும் கடகடக்கும் மின்விசிறியையும் முன்பே பழுதுபார்த்திருக்க வேண்டும். வாசல், செருப்பு வைக்குமிடம், ஒவ்வோர் அறை, கழிவறை ஆகியவற்றின் படங்களும் எங்கே சத்தம் இருக்கும், எங்கே உட்காரலாம் என்ற குறிப்பும் அடங்கிய இரண்டு பக்கத் தாளை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால், குழந்தையைப் பெற்றோர் வீட்டிலேயே தயார்ப்படுத்திவிடுவார்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் திடீரென்று உறுமும்போது என்ன செய்வது என்பதைப் பணியாளர் அறிந்திருக்க வேண்டும். ஓடியாடும் குழந்தையை அதட்டுவதும், “என்ன ஆச்சு இவனுக்கு?” என்று கேட்பதும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டச் சொல்வதும் கூடாது.

இவற்றையெல்லாம் அச்சுக்கு அனுப்புவதற்கு முன், உள்ளூரில் இருக்கும் பார்வையற்ற ஒருவர், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், செவித்திறன் அற்ற ஒருவர், ஆட்டிசம் உள்ள ஒருவர் ஆகியோரை வரவழைத்து, வெறுந்தாளில் எழுதி ஒட்டிய பலகைகளோடு ஒரு சுற்று நடத்திப் பாருங்கள். அவர்கள் தருவது தொழில்முறை ஆலோசனை. பொன்னாடையோடு நிறுத்திக்கொள்ளாமல், தச்சருக்கும் பெயின்டருக்கும் ஒதுக்குவது போல அவர்களுக்கான கட்டணத்தையும் போக்குவரத்துச் செலவையும் வரவுசெலவுக் கணக்கில் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.