பழைய லேத் வாங்கும்போது தேய்மானத்தைத் தவறாக மதிப்பிடாதீர்கள்

சென்ற மாதம் அக்கரைப்பற்றிலிருந்து இரண்டு தம்பிமார் என் பட்டறைக்கு வந்து, தாங்கள் பார்த்துவைத்த இரண்டு பழைய லேத்துகளில் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்களில்) எதை வாங்குவது என்று கேட்டார்கள். ஒன்றில், வெட்டும் டூலை முன்னும் பின்னும் நகர்த்தும் குறுக்குச் சிலைட்டின் கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுழல்வதால் அதை ஒதுக்கிவிட்டதாகவும், மற்றதில் எல்லாக் கைப்பிடிகளும் இறுக்கமாக இருப்பதால் அதற்கு முற்பணம் கொடுக்கப் போவதாகவும் சொன்னார்கள். நான் 2003 ஆம் ஆண்டு முதல் லேத் வாங்கியபோது எடுத்த முடிவும் இதுவேதான். பல்லுடைந்த கியர், வெடித்த வார்ப்பு, காணாமற்போன சக் திறப்பு (வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவி) போன்றவை கண் உள்ள எவருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் காசைத் தின்னும் பிழைகளை மட்டும் எழுதுகிறேன்.

கைப்பிடியின் ஆட்டத்தைக் கண்டு பயப்படுவது

குறுக்குச் சிலைட்டின் கைப்பிடி வெறுமனே சுழல்வதற்குக் காரணம், பெரும்பாலும் உள்ளே இருக்கும் வெண்கல நட்டு தேய்ந்திருப்பதுதான். வெட்டும்போது டூலை எப்போதும் ஒரே திசையிலிருந்து முன்னே தள்ளி நிறுத்துகிறோம். ஆகவே அந்த ஆட்டம் அளவைக் கெடுப்பதில்லை. புதிய நட்டு ஒன்றை அதே லேத்திலேயே ஒரு நாளில் கடைந்து போடலாம். ஆட்டம் உள்ள மெஷின் கெட்டது, இறுக்கமான மெஷின் நல்லது என்ற எண்ணத்தை விற்பவர்கள் நன்றாக அறிவார்கள். நட்டை மாற்றி, கிப்பை (சிலைட்டின் இடைவெளியை அடைக்கும் பட்டையை) இறுக்கிவிட்டால், வாங்குபவரின் கை திருப்தியடைந்துவிடும்.

பெட்டின் தேய்மானத்தைப் பாராமல் வாங்குவது

இருபது வருடம் கழித்தும் என்னைக் கோபப்படுத்துவது இந்தத் தவறுதான். ஒரு லேத்தில் பெரும்பாலான வேலை சக்கிலிருந்து ஒன்றரை அடிக்குள் நடக்கிறது. டூலைச் சுமந்து பெட்டின் (லேத்தின் நீண்ட அடித்தளத்தின்) மேல் ஓடும் சேடில் நாள் முழுவதும் அந்தத் துண்டிலேயே போய்வருவதால், இரும்புத் தூளும் எண்ணெயும் கலந்த சேறு அங்கேதான் பெட்டை அராவுகிறது. சக்குக்கு எதிர்முனையான டெயில்ஸ்டொக் பக்கம் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும்.

நான் முதல் லேத்தைப் பார்க்கப் போனபோது விற்றவர் இரண்டு அங்குல இரும்புத் துண்டைச் சக்கில் பிடித்துக் கடைந்து காட்டினார். கண்ணாடி போல் மினுங்கியது. மைக்ரோமீட்டர் வைத்தேன், இரு முனையும் ஒரே அளவு. இரண்டு அங்குலத்தில் எந்தத் தேய்மானமும் தன்னைக் காட்டாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. பெரும்போக அறுவடைக்குச் சற்று முன்பு, சம்மாந்துறையிலுள்ள அரிசி ஆலை ஒன்றுக்கு 40 மில்லிமீட்டர் விட்டமும் 900 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சாப்ட் (சுழல்தண்டு) ஒன்றைக் கடைந்தேன். ஒரு புஷ் (துளையுள்ள உருளை) அதன் நீளம் முழுவதும் வழுக்கிச் செல்ல வேண்டும். டெயில்ஸ்டொக் பக்கம் சுகமாக ஏறிய புஷ், பாதியில் இறுகி நின்றது. அளந்தால் சக் பக்கம் 0.14 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. அவகாசம் இல்லாததால் எமரித் தாள் போட்டுத் தேய்த்து ஏற்றினேன். கையால் தேய்த்த இடம் வட்டம் கெட்டு, புஷ் சில வாரங்களில் ஆடத் தொடங்கி, அறுவடை நெல் குவிந்து கிடந்த நேரத்தில் பெயாரிங்கை உடைத்தது. ஆலைக்காரக் காக்கா (அண்ணன்) என்னைத் திட்டவில்லை. அடுத்த வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்தார்.

இது எப்படி நிகழ்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் எதைச் சோதிக்க வேண்டும் என்பதும் விளங்கும். டூல் நேராக 0.1 மில்லிமீட்டர் கீழே இறங்கினால் 40 மில்லிமீட்டர் சாப்ட்டின் விட்டம் ஏறக்குறைய 0.0005 மில்லிமீட்டர்தான் மாறும். அதை யாரும் அளக்கப் போவதில்லை. ஆனால் பெட் சமமாகத் தேய்வதில்லை. முன்பக்க வீ வரம்பு (சேடில் ஓடும் V வடிவத் தடம்) பின்பக்கத்தை விட அதிகம் தேய்வதால் சேடில் முன்பக்கமாகச் சரிகிறது, அதன் மேலிருக்கும் டூல் வேலையை விட்டு விலகி நம் பக்கம் சாய்கிறது. சென்டரின் (வேலை சுழலும் அச்சின்) உயரம் 200 மில்லிமீட்டராகவும் இரு வரம்புகளுக்கும் இடைத்தூரம் 250 மில்லிமீட்டராகவும் இருக்கும் லேத்தில், முன்வரம்பு 0.1 தேய்ந்தால் டூல் 0.08 விலகும். அது விட்டத்தில் இரட்டிப்பாகி 0.16 ஆகும்.

சோதிப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. சேடிலைச் சக்குக்கு அருகே கொண்டுவந்து, அதைப் பெட்டுடன் பூட்டும் போல்ட்டை, சேடில் இலேசான இழுவையோடு நகரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பிறகு டெயில்ஸ்டொக்கை நோக்கி மெதுவாக ஓட்டுங்கள். அந்தப் பூட்டு பிடிப்பது பெட்டின் தேயாத அடிப்பக்கத்தை. ஆகவே சக் பக்கம் மேல்பரப்பு தேய்ந்திருந்தால், வலப்பக்கம் போகப் போகச் சேடில் இறுகி, ஓரிடத்தில் நின்றேவிடும். கடைசிவரை ஒரே இழுவையோடு ஓடினால் மட்டுமே அடுத்த சோதனைக்குப் போங்கள்.

அடுத்ததற்கு ஓர் இரும்புக் கம்பியை நீங்களே கொண்டுபோங்கள். சக்குக்கும் டெயில்ஸ்டொக் சென்டருக்கும் (கூர்முனைக்கும்) இடையே பிடித்து, இரு முனைகளிலும் நடுவிலும் ஒரே வெட்டில், டூலின் அமைப்பை மாற்றாமல், மூன்று பட்டைகளைக் கடையுங்கள். இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, ஏனெனில் டெயில்ஸ்டொக் ஒரு பக்கம் தள்ளியிருந்தாலும், பெட் மட்டமாக அமராமல் முறுக்கியிருந்தாலும் அளவு வேறுபடும். இவை இரண்டும் குணமாகும் நோய்கள். திருகாணியையும் இரசமட்டத்தையும் கொண்டு சரிசெய்துவிடலாம். முதல் பட்டையிலிருந்து மூன்றாவது வரை சீராகக் குறைந்தால் பெரும்பாலும் அந்த வகையாக இருக்கும். தேய்மானம் சீராக இராது. நடுப்பட்டைக்கும் கடைசிப் பட்டைக்கும் வித்தியாசம் இல்லாமல் சக் பக்கத்து முதல் பட்டை மட்டும் தடித்திருந்தால் அது பெட்டின் தேய்மானம். தேய்ந்த பெட்டைக் கொழும்புக்கு ஏற்றி அரைத்தெடுக்கலாம். ஆனால் அரைத்தபின் சேடில் தாழ்ந்துவிடும். அதன் அடியில் தகடு ஒட்டி உயர்த்தாவிட்டால் லீட் ஸ்குரூவோடு (சேடிலை நகர்த்தும் நீண்ட திருகோடு) பொருந்தாது. இந்தச் செலவு பல வேளைகளில் லேத்தின் விலையைத் தாண்டும்.

அந்தத் தம்பிமாரோடு நானும் போய்ச் சோதித்தேன். இறுக்கமான கைப்பிடிகள் கொண்ட லேத்தில் சேடில் இரண்டடி போவதற்குள் நின்றுவிட்டது. ஒதுக்கிவைத்த லேத்தில் கடைசிவரை ஒரே இழுவையோடு ஓடியது.

ஸ்பிண்டிலைச் சக்கின் மேல் அளப்பது

மூன்று தாடைச் சக்கில் பிடித்த கம்பி 0.05, ஏன் 0.1 மில்லிமீட்டர் ஆடினாலும் அது சக்கின் குறை, சக்கை மாற்றலாம். டயல் கேஜை (ஆட்டத்தை அளக்கும் கருவியை), சக்கைத் தாங்கிச் சுழலும் ஸ்பிண்டிலின் உள்துளைக் கூம்பிலேயே வைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் 0.01 மில்லிமீட்டரைச் சுற்றி இருந்தால் நல்லது. அரைமணி நேரம் ஓடவிட்டு, சூடேறியபின் சத்தத்தைக் கேளுங்கள்; குளிர்ந்த எண்ணெய் பல சத்தங்களை மூடிவிடும்.

புதுப் பெயின்ட்

கணக்கில் எடுக்காதீர்கள்.

கடல்நீர் கண்ட மெஷின்கள்

2004 டிசம்பர் 26 இல் இந்தக் கரையோரத்தில் எத்தனையோ பட்டறைகளுக்குள் கடல் புகுந்தது. அன்று மூழ்கிய மெஷின்களில் சில இன்றும் கைமாறி வருகின்றன. பெட்டில் அம்மைத்தழும்பு போன்ற குழிகள் இருந்தால் அதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம், சேடில் குழிகளின் மேலாகவே ஓடும். அதே குழிகள், ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டொக்கின் பெயாரிங்கில் இருந்தால் அது வேறு கதை. மேல்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

127 பல் கியர்

அங்குல லீட் ஸ்குரூ உள்ள பழைய லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட இது வேண்டும், ஏனெனில் ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதன் ஐந்து மடங்கு 127. பெட்டியில் இருக்கிறதா என்று பல்லை எண்ணிப் பாருங்கள்.

மின்சாரம்

மூன்று பேஸ் மோட்டர் என்றால், உங்கள் இடத்தில் அந்த இணைப்பு உண்டா என்பதை விலை பேசுவதற்கு முன் பாருங்கள்.

கொண்டுவந்த அன்றே அளவை நம்புவது

கல்முனை முதல் பொத்துவில் வரை நம் கரையோரம் மணல் நிலம். மெல்லிய சீமெந்துத் தரையின் மேல் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட இரும்பை வைத்தால், அது இடம்பிடித்து அமர மாதக்கணக்காகும். அமரும்போது பெட்டும் முறுகும். இறக்கியதும் இரசமட்டம் வைத்து மூன்று பட்டைச் சோதனையைச் செய்து, அளவுகளை ஹெட்ஸ்டொக்கின் கதவுக்கு உள்ளே எழுதி வையுங்கள். மாரி மழை ஓய்ந்து தரை காய்ந்த பிறகு, தை மாசியில், அதே கம்பியை மீண்டும் பிடித்துக் கடைந்து, எழுதிவைத்த அளவோடு ஒப்பிட்டு, கால் திருகாணிகளைச் சரிசெய்யுங்கள்.