ஸ்கிராட்ச் பிழை தேடும் கருவிகள்: நாம் செய்யும் தவறுகள்

பிளாக்குகளை ஒன்றோடொன்று பொருத்திக் குழந்தைகள் நிரல் எழுதும் மொழி ஸ்கிராட்ச். அதில் ஒரு விளையாட்டு: பூனை சுவரைத் தொட்டால் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். நிரலைத் தொடங்கும் பச்சைக் கொடியைக் குழந்தை அழுத்துகிறது. பூனை சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. பிளாக்குகள் எல்லாம் அழகாகப் பொருந்தியிருக்கின்றன, பிழைச் செய்தி எதுவும் இல்லை. தட்டச்சு செய்யும் மொழிகளைப்போல ஸ்கிராட்சில் அடைப்புக்குறி விட்டுப்போக வழியே கிடையாது. மிஞ்சுவது யோசனையில் உள்ள பிழைதான்.

'சுவரைத் தொட்டால்' என்ற சோதனை, கொடியை அழுத்திய நொடியில் ஒரே ஒரு முறை நடந்து முடிந்துவிட்டது. அதை 'எப்போதும்' சுழலுக்குள் வைத்திருக்க வேண்டும். ஜெர்மனியின் பாசௌ பல்கலைக்கழகத்தில் உருவான லிட்டர்பாக்ஸ் என்ற கருவி இந்த வகைப் பிழையைக் கண்டுபிடித்துக் காட்டும். நிரலின் எந்தப் பகுதியும் காத்திராத செய்தியை ஒலிபரப்புவது, ஏழேழு அடியாக நகரும் ஸ்பிரைட்டை (திரை உருவத்தை) 'எக்ஸ் = 200' ஆகிவிட்டதா என்று சோதிப்பது போன்றவையும் அதற்குத் தெரியும். பூஜ்யத்தில் கிளம்பினால் 196, அப்புறம் 203. 200 வரவே வராது.

கருவி சொன்னதை அப்படியே குழந்தையிடம் ஒப்பிப்பதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. "இங்கே எப்போதும் பிளாக்கைப் போடு" என்றால் போட்டுவிடும். அடுத்த வாரம் அதே பிழை திரும்ப வரும். "கொடியை அழுத்தினப்போ பூனை எங்கே இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கொஞ்ச நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

அடுத்தது மதிப்பெண். ஸ்பெயினில் உருவான டாக்டர் ஸ்கிராட்ச் என்ற கருவி, அதன் மூல மதிப்பீட்டு முறையில் ஏழு திறன்களுக்குத் தலா 3 என்று மொத்தம் 21க்குப் புள்ளி தரும். இதைப் பரீட்சை மார்க்காக்கிவிடாதீர்கள். அது எந்தெந்த பிளாக்குகள் இருக்கின்றன என்று பார்க்கிறது. அவை தேவைதானா என்று பார்ப்பதில்லை. வேண்டாத இடத்தில் ஒரு 'மற்றும்' பிளாக்கைச் செருகினாலே தர்க்கத்துக்கு உரிய புள்ளி ஏறிவிடும். குழந்தைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை என்பதற்காக விளையாட்டு சரி என்றும் முடிவு கட்டாதீர்கள். இவ்விரண்டு கருவிகளும் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை, படித்துத்தான் பார்க்கின்றன. ஆப்பிளைப் பிடித்தால் ஒரு புள்ளி கூடுவதற்குப் பதில் குறைந்தால், அது பிழையா, விளையாட்டின் விதியா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? விஸ்கர் என்ற கருவி நிரலை ஓட்டியே சோதிக்கும். ஆனால் எது நடக்க வேண்டும் என்று முதலில் யாராவது அதற்கு எழுதித் தர வேண்டும்.

எதிலும் ஒட்டாமல் ஓரத்தில் கிடக்கும் பிளாக்குகளைக் கருவிகள் குறையாகச் சொல்லும். உடனே அழிக்கச் சொல்லாதீர்கள். "இது எதுக்கு?" என்று ஒரு சிறுமியிடம் கேட்டேன். "அடுத்த லெவலுக்கு எடுத்து வச்சிருக்கேன் சார்" என்றாள்.